பல் வலி என்று சொன்ன நண்பர்களுக்கு

அன்புள்ள ஓட்டுநர், நடத்துநர் நண்பர்களே,

முப்பது வருடம் தோளில் பை மாட்டியவன் எழுதுகிறேன். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பெயர் போடவில்லை. ராமநாதபுரம் பக்கம் ஓடியவர்கள் நாலு பத்தி படிப்பதற்குள் ஆள் யாரென்று சொல்லிவிடுவீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

2018 ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. அரசு மருத்துவமனையின் மாடியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கதவுகள். ஒன்று பல் மருத்துவம், இன்னொன்று மனநலம். இரண்டுக்கும் சேர்த்து வெளியே ஒரே ஒரு நீள பெஞ்சு. ஓ.பி. சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பல் மருத்துவக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். மாடிப்படியில் ஏறி வந்தவரைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. நாலு வருடம் என்னோடு ஒரே வண்டியில் ஸ்டியரிங் பிடித்த அண்ணன்.

"என்னண்ணே இந்தப் பக்கம்?"

"பல்லு வலி மாப்ள. நீ?"

"எனக்கும் பல்லுதாண்ணே."

அரைமணி நேரம் கிராம்புத் தைலத்தைப் பற்றியும் உப்புத் தண்ணீரைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்கள். எந்தக் கதவிலிருந்து கூப்பிட்டார்கள் என்பது இரண்டு பேர் காதிலும் விழுந்தது. நான் எழுந்து போனேன். திரும்பி வந்தபோது அண்ணன் இல்லை. பெஞ்சுக்கு அடியில் ஒரு சீட்டு கசங்கிக் கிடந்தது. எடுத்துப் பிரித்தேன். அவர் பெயர், அவர் வயது, நான் இப்போதுதான் வெளியே வந்த அறையின் எண்.

சீட்டைக் கசக்கிப் போட்டுவிட்டு இறங்கிப் போன அந்த மாதிரி ஆட்களுக்குத்தான் இந்த மடல். மற்றவர்களும் படிக்கலாம்.

எனக்கு மனசு எப்போது கெடத் தொடங்கியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நம் வேலையில் அதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். மனச்சோர்வு வந்தவர்களுக்கு விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும், மறுபடி தூக்கம் பிடிக்காது என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் 4.20 முதல் வண்டிக்குப் போகிறவன் மூன்று மணிக்கு விழித்தால் யார் சந்தேகப்படுவார்கள்? நானும் படவில்லை. வாராந்திர ஓய்வு நாளிலும் மூன்று மணிக்கு விழித்தேன். திருவிழாவுக்கு லீவு போட்டு மாமனார் ஊரில் படுத்திருந்தபோதும் மூன்று மணிக்கே விழித்தேன். பழக்க தோஷம் என்று நினைத்துக்கொண்டு இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அடுத்து, கணக்கு தப்ப ஆரம்பித்தது. இருபது வருடத்தில் விரல் விட்டு எண்ணும்படி ஷார்ட் வந்தவன், ஒரே மாதத்தில் ஏழு தடவை சொந்தக் காசைப் போட்டுக் கட்டினேன். சில்லறை கேட்ட ஒரு பாட்டியை வண்டியே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். சோறு மண் மாதிரி இருந்தது. வீட்டுக்காரி, "ஏங்க, உப்பு பத்தலையா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். உப்பில் ஒரு குறையும் இல்லை.

நான் என்ன செய்தேன்? நீங்கள் செய்வதைத்தான் செய்தேன். தலை பாரமாக இருக்கிறது என்று ஒரு டாக்டர், நெஞ்சு படபடக்கிறது என்று ஒரு டாக்டர், வயிறு சரியில்லை என்று இன்னொருவர். இ.சி.ஜி., ஸ்கேன், சர்க்கரை எல்லாம் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். ஒருவர் குளுக்கோஸ் ஏற்றினார். அதில் இரண்டு நாள் தெம்பாக இருந்த மாதிரிகூட இருந்தது. உடம்பைச் சொன்னால் கேட்பார்கள், மனசைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று நமக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துவிடுகிறது. அதனால் நம் ஊரில் மனசுக்கு வருகிற நோய் எல்லாம் தலைவலியாக, வாய்வாக, அசதியாகத்தான் டாக்டரிடம் போகிறது.

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1998-இலிருந்து சுமார் ஐந்து வருடம் கீழக்கரை, ஏர்வாடி பக்கம் ஓடினேன். அந்த வழியில் ஓடியவர்களுக்கு நான் சொல்வது கண்ணில் தெரியும். தர்காவுக்கு மனநோயாளிகளைக் கூட்டிக்கொண்டு எங்கெங்கிருந்தோ குடும்பங்கள் வரும். கையைத் துண்டால் கட்டியிருப்பார்கள். சிலருக்குச் சங்கிலி. கடைசி சீட்டில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஆள் உட்கார்ந்துகொள்வார்கள். நான் டிக்கெட் கேட்டால் அந்த ஆளின் அப்பாவோ அண்ணனோ, "மூணு கொடுங்க" என்று தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். அவர் முகத்தை நான் பார்ப்பேன். நடுவில் இருக்கிற ஆளின் முகத்தைப் பார்த்ததில்லை. பார்க்கத் தோன்றவில்லை.

2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் அங்கிருந்த காப்பகங்களை அரசாங்கம் மூடியது. செய்தி கேட்ட அன்று நான் டியூட்டியில் இருந்தேன். இவர்களில் எத்தனை பேருக்கு நான் டிக்கெட் கிழித்திருப்பேன் என்று ஒரு நினைப்பு வந்தது. டீ குடித்துவிட்டு அடுத்த சிங்கிள் நடைக்கு விசில் ஊதினேன். அதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை.

பதினேழு வருடம் கழித்து என் மனசு கெட்டபோது எனக்குத் தோன்றிய ஒரே படம் அந்தக் கடைசி சீட்டு. மனநலம் என்று வாயைத் திறந்தால் என்னையும் அங்கே உட்கார வைத்துவிடுவார்கள், என் தம்பி தலையைக் குனிந்துகொண்டு மூன்று டிக்கெட் வாங்குவான். இதுதான் என் பயம். படித்தவர்கள் இதைக் களங்கம் என்று எழுதுகிறார்கள். எனக்கு அது களங்கமாகத் தெரியவில்லை, ஜன்னலோர சீட்டாகத் தெரிந்தது.

நம் டிப்போ பேச்சும் அதற்கு உரம் போட்டது. ஒருவன் கொஞ்சம் மாறிப் பேசினால், "இவனைக் கீழ்ப்பாக்கம் வண்டியில ஏத்துங்கடா" என்போம். நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்! 1794-இல் சென்னையில் தொடங்கி, 1871-இல் கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறி, இன்றுவரை லட்சக்கணக்கானவர்களைக் கவனித்துவரும் ஒரு மனநல மருத்துவமனையின் பெயர் நமக்கு வசவு. இதய ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுவதில்லை.

என்னை அந்த பெஞ்சுக்கு அனுப்பியவர் என் ரத்தக்கொதிப்பைப் பார்க்கிற டாக்டர். ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒன்றாக அடுக்கிப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப சிரிச்சீங்க?" என்று கேட்டார். பதில் வரவில்லை. சீட்டு எழுதிக் கொடுத்தார். அதற்கு முன்னால் ஒரு தனியார் ஆலோசகரிடமும் போயிருந்தேன். மதுரையில். அவர் இருபது நிமிடம் பேசினார், நான் இரண்டு நிமிடம் பேசினேன். நல்லதையே நினையுங்கள், உங்களை விடக் கஷ்டப்படுகிறவர்களைப் பாருங்கள் என்றார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், முதல் ஆள் சரியில்லாவிட்டால் வைத்தியமே சரியில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு மெக்கானிக் சரியாகப் பார்க்கவில்லை என்று வண்டியைக் காயலான் கடைக்குப் போடுவதில்லையே.

அரசு மருத்துவமனையில் முதலில் பார்த்தது மனநல மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். படித்து, அதற்கு மேல் மனநலம் படித்தவர். மாத்திரை எழுதுவது அவர் வேலை. தைராய்டு, பி12 இரண்டையும் பார்க்கச் சொன்னார். அவை குறைந்தாலும் இதே அசதி வருமாம். அவர் என்னை அனுப்பிய அடுத்த அறையில் இருந்தவர் உளவியலாளர். மாத்திரை எழுத மாட்டார், பேசுவார். சரியாகச் சொன்னால், பேச வைப்பார். இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் நான் போனேன். நீங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அந்த உளவியலாளர் ஒரு பெண். என் மூத்த மகள் வயது இருக்கும். அங்கேயே எனக்கு வாய் அடைத்துவிட்டது. மகள் வயதுப் பெண்ணிடம் ஒரு ஆம்பளை எதைச் சொல்வது?

முதலில் ஒரு தாள் கொடுத்தார். ஒன்பது கேள்விகள். போன இரண்டு வாரத்தில் இது எத்தனை நாள் இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்க வேண்டும். மொத்தம் 27. வேலையில் ஆர்வம் இல்லை, தூக்கம் சரியில்லை, பசி இல்லை, கவனம் நிற்கவில்லை. படிக்கப் படிக்க எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் மூன்று மணி விழிப்பும் மண் சோறும் ஷார்ட் விழுந்த கணக்கும் அந்தத் தாளில் அச்சாகி இருந்தன. இது எனக்கு மட்டும் வந்த கோளாறு என்று இருந்தவனுக்கு, அச்சடித்து வைக்கும் அளவுக்கு ஊரில் ஆள் இருக்கிறது என்பதே அன்று ஒரு ஆறுதல். 2015–16-இல் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, இருபதில் ஒருவருக்கு வாழ்நாளில் மனச்சோர்வு வந்திருக்கிறது என்று சொல்கிறது. தமிழ்நாடும் அந்தக் கணக்கெடுப்பில் இருந்தது. ஐம்பது சீட் வண்டியில் இரண்டு மூன்று பேர். ஸ்டேண்டிங்கை நான் சேர்க்கவில்லை.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றியது. அதில் 0 போட்டேன். பொய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"இந்த வாரம் எப்படி இருந்தீங்க சார்?"

"பரவாயில்லை மேடம்."

"வீட்ல?"

"ஒண்ணும் பிரச்சினை இல்லை மேடம்."

"மனசுக்கு?"

"கொஞ்சம் கஷ்டமா இருக்கு. மத்தபடி ஒண்ணுமில்லை."

மூன்று வாரம் இப்படியே ஓடியது. ஒரு நாளைக்கு ஐந்நூறு பேரிடம் வாயாடுகிறவன் நான். "உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காதீங்க, பரமக்குடி எல்லாம் இறங்கு" என்று தொண்டை கட்டக் கத்துகிறவன். அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் பரவாயில்லை, ஒண்ணுமில்லை என்ற இரண்டு சொல்லைத் தவிர என்னிடம் சொல்லே இல்லை. மனசுக்குள் நடப்பதைச் சொல்ல யார் நமக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? பையனாக இருந்தபோது அழுதால், "பொட்டப்புள்ள மாதிரி அழுவாதடா" என்றார்கள். அதோடு அந்தப் பாடம் முடிந்துவிட்டது. நான் மறைத்தேன் என்று நீங்கள் நினைக்கலாம். பாதி அதுதான். மீதிப் பாதி, உண்மையாகவே எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதில் தமிழும் கொஞ்சம் காலை வாருகிறது. எல்லோரும் மன அழுத்தம், மன அழுத்தம் என்கிறார்கள். மேலதிகாரி திட்டினாலும் அதுதான், மாதக் கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாவிட்டாலும் அதுதான். எனக்கு வந்தது மனச்சோர்வு என்று அந்தப் பெண்தான் பிரித்துச் சொன்னார். அழுத்தம் என்றால் மேலே ஏதோ அமுக்குகிறது, அதை எடுத்தால் சரியாகிவிடும் என்று அர்த்தம். எனக்கு மேலே ஒன்றும் அமுக்கவில்லை. மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, கடன் அடைந்துவிட்டது. உனக்கென்ன குறை, அரசாங்க வேலை, பென்ஷன் என்று மச்சான் கேட்டபோது என்னிடம் பதில் இல்லாமல் போனது அதனால்தான். குறை இருந்தால்தான் இது வரும் என்று அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

நாலாவது வாரம் அவர் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு ஒரு தாளை நீட்டினார். இடது ஓரத்தில் காலை 5 முதல் இரவு 10 வரை மணிக்கணக்கு. மேலே ஏழு கிழமைகள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மணியில் என்ன செய்தேன், அப்போது மனசு எப்படி இருந்தது என்று 0 முதல் 10 வரை ஒரு எண் போட வேண்டும். தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது நம் இன்வாய்ஸ்!

டிக்கெட் மிஷின் வருவதற்கு முன்னால் பணிக்கு வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுப் பையன்களுக்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு ஸ்டேஜ் வந்ததும் எந்த டிக்கெட் எந்த நம்பர் வரைக்கும் கிழித்தோம் என்று எழுதி மூட வேண்டும். மூடாமல் இருக்கும்போது செக்கர் ஏறிவிட்டால் மெமோ. கூட்டம் நெரிகிற நாளில் சிலர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி மூன்று ஸ்டேஜை மொத்தமாக எழுதிவிடுவார்கள். பழைய செக்கர்கள் அதைப் பார்த்தவுடன் பிடித்துவிடுவார்கள். எப்படி? ஓடுகிற வண்டியில் எழுதிய எழுத்து ஆடும், நின்ற வண்டியில் எழுதியது நேராக நிற்கும்.

நான் அந்தத் தாளை வியாழக்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் நிரப்பினேன். எல்லாக் கட்டத்திலும் 5. அந்தப் பெண் வாங்கிப் பார்த்தார். கோபப்படவில்லை.

"எல்லாம் ஒரே நேரத்துல எழுதின மாதிரி இருக்கே சார்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அத்தனை வருடத்தில் எந்தச் செக்கரிடமும் இன்வாய்ஸில் மாட்டாதவன் இந்தச் சின்னப் பெண்ணிடம் மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொன்னேன். செக்கர் கதையையும் சொன்னேன். அவர் ஆசையாகக் கேட்டார். அந்த அறையில் நான் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் பேசியது அதுதான் முதல் தடவை, அதுவும் நோயைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி. முடிந்ததும், "அப்ப அடுத்த வாரம் ஓடுற வண்டியில எழுதிட்டு வாங்க" என்றார்.

எழுதினேன். எழுத்து ஆடியது. செவ்வாய்க்கிழமை மதியம் 2 மணிக் கட்டத்தில், "ஓய்வறை. ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். 1" என்று இருந்தது. புதன் மாலை 5 மணிக்கு, "ஸ்கூல் பிள்ளைகள் கூட்டம். ஒரு பையன் ரைட் சொன்னான். 4." அந்த 4-ஐப் பார்த்துவிட்டு அவர், "இது என்ன?" என்றார். நாலாம் வகுப்புப் படிக்கிற ஒரு பொடியன் என் குரலை அப்படியே பிடித்து, "ரைட்டு, போலாம்" என்று கத்தினான். நான் ஒரு நொடி சிரித்திருக்கிறேன். எழுதாவிட்டால் எனக்கே அது தெரிந்திருக்காது. எல்லாமே இருட்டு என்றுதான் சத்தியம் செய்திருப்பேன். இந்த மாதிரி 4 எங்கே வருகிறது என்று தேடிப் பிடித்து, வாரத்தில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதுதான் அவர்கள் வைத்தியத்தில் ஒரு பாதி. மனசு வந்த பிறகு செய்வோம் என்று இருக்கக் கூடாது, செய்ய ஆரம்பித்தால் மனசு பின்னாலேயே வரும் என்பார். எனக்கு முதலில் இது ஏமாற்று வேலையாகப் பட்டது.

அன்றைக்குத்தான் அவர், "அந்த 1 எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது இதுதான்: "ராத்திரி கடைசி சிங்கிள்ல ஆளே இல்லாம வர்ற வண்டி மாதிரி இருக்கு மேடம். லைட்டெல்லாம் எரியுது. ஏறவும் ஆள் இல்லை, இறங்கவும் ஆள் இல்லை. ஆனா ஒவ்வொரு ஸ்டாப்லயும் நிறுத்தித்தான் ஆகணும்." அவர் பேனாவை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்ன ஒன்றை ஒருவர் எழுதி வைத்துக்கொள்கிறார்! சத்தியமாகச் சொல்கிறேன், அன்று படியிறங்கும்போது உடம்பு லேசாக இருந்தது. மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதுவும் அந்தச் சமயத்தில்தான் பிடித்திருக்கலாம். எதனால் என்று பிரிக்க எனக்குத் தெரியாது, தேவையும் இல்லை.

இனிமேல் சொல்வதுதான் கஷ்டமான பகுதி.

குடியைப் பற்றிக் கேட்டபோது, "எப்பவாவது மேடம்" என்றேன். நம் ஆட்களின் எப்பவாவது எத்தனை நாளைக்கு ஒரு தடவை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு அப்போது அது தினமும் ஒரு குவாட்டர். தூக்கத்துக்காக என்று சொல்லிக்கொள்வேன். தூக்கம் வரும், மூன்று மணிக்கு முறித்துவிட்டுப் போகும். இரண்டு மாதம் அந்தப் பொய்யைச் சுமந்தேன். மாத்திரை சரியாகக் கேட்கவில்லை என்று மருத்துவர் அளவைக் கூட்ட யோசித்த அன்று பயந்துபோய் உளவியலாளரிடம் சொன்னேன். "முதல்ல சொன்னது பொய் மேடம்." அவர் சொன்ன பதில், "இப்ப சொல்லிட்டீங்கல்ல." அவ்வளவுதான். நானாக இருந்தால் அரைமணி நேரம் திட்டியிருப்பேன். குடியும் அந்த மாத்திரையும் சேரக் கூடாது என்பதையும், குடி மனச்சோர்வைக் கூட்டுமே தவிரக் குறைக்காது என்பதையும் சொல்லிக்கொடுத்தார்கள். ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தினமும் குடிக்கிறவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு வரைக்கும் போகலாம். அதையும் டாக்டரிடம் சொல்லித்தான் விட வேண்டும்.

இனி ஒன்பதாவது கேள்வி. வீட்டுக்குத் திரும்பாமலே இருந்துவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி என்ற நினைப்பு எனக்கு அந்த வருடம் பல நாள் வந்தது. சாக வேண்டும் என்று நான் அதற்குப் பெயர் வைக்கவில்லை. பெயர் வைக்காததால் அது இல்லை என்று 0 போட்டேன். ஒரு வியாழக்கிழமை அந்தப் பெண் நேராகவே கேட்டுவிட்டார்: "தற்கொலை எண்ணம் வருதா சார்?" அந்தச் சொல்லை அவர் சாதாரணமாக, பசிக்குதா என்று கேட்கிற மாதிரி கேட்டார். நானும், "வருது மேடம்" என்றேன். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று நாம் நினைக்கிறோம், தப்பு. ஏற்கெனவே வந்ததை இறக்கி வைக்க ஒரு ஸ்டாப் கிடைக்கிறது, அவ்வளவுதான். முதல் நாளே அவர் சொல்லியிருந்தார்: நீங்கள் பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது, ஆனால் உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எனக்குப் பட்டால் வீட்டில் ஒருவரிடம் சொல்லுவேன் என்று. சொன்னபடி, என் எதிரிலேயே, என்னிடம் கேட்டுவிட்டு, என் மனைவியைக் கூப்பிட்டுப் பேசினார். அன்று இரவு அவள் சமையல்கட்டில் நின்றுகொண்டு, "உப்பு பத்தலையான்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே" என்று அழுதாள். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதது அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான்.

நண்பர்களே, உங்களுக்கு வரும் சந்தேகங்கள் எனக்கும் வந்தவைதான். டிப்போவுக்குத் தெரிந்துவிடுமா? 2017-ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. அதன் 23-ஆவது பிரிவு உங்கள் நோயைப் பற்றிய விவரத்தை ரகசியமாகக் காக்கச் சொல்கிறது. காசு ஆகுமா? மாவட்ட மனநலத் திட்டத்தில் அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் கூட்டம் இருக்கும், தனியார் இடத்தில் கொடுப்பதுபோல் முக்கால் மணி நேரம் எல்லா வாரமும் கிடைக்காது. எனக்குச் சில வாரம் பத்து நிமிடம்தான். ஸ்டியரிங் பிடிக்கிற அண்ணன்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: சில மாத்திரைகள் தூக்கக் கிறக்கம் கொடுக்கும். நான் வண்டி ஓட்டுகிறவன், முதல் வண்டிக்குப் போகிறவன் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். அதற்குத் தகுந்த மாத்திரையும் நேரமும் மாற்றிக் கொடுப்பார்கள். அதை மறைத்துவிட்டு ஸ்டியரிங்கில் உட்காராதீர்கள், பின்னால் ஐம்பது பேர் இருக்கிறார்கள். கொஞ்சம் தேறியதும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன். மூன்றே வாரத்தில் பழைய இடத்துக்கே வந்து நின்றேன்.

நேரில் போக இன்னும் கால் வரவில்லை என்றால் 14416-க்கு அடியுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசாங்க எண், இரவு பகல் எடுப்பார்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். சிங்கிளுக்கு நடுவில் வண்டி நிற்கும்போதுகூடப் பேசலாம். பேர்கூடச் சொல்ல வேண்டாம்.

என்ன சொல்வது என்று மட்டும் கவலைப்படாதீர்கள். கோர்வையாக, நல்ல தமிழில், காரணத்தோடு சொல்ல வேண்டும் என்று காத்திருந்தால் ஓய்வு பெறும் வயது வந்துவிடும். "எனக்குச் சொல்லத் தெரியலை" என்று சொல்லுங்கள், அதுவே ஒரு வரிதான். எத்தனை மணிக்கு விழித்தீர்கள், என்ன தின்றீர்கள், எத்தனை ரூபாய் ஷார்ட் விழுந்தது என்று சொல்லுங்கள். வாயில் வராவிட்டால் எழுதிக்கொண்டு போய் நீட்டுங்கள். பொய் சொல்லிவிட்டால் அடுத்த வாரம் போய்த் திருத்துங்கள். ஆடுகிற எழுத்தைப் பார்த்து அங்கே யாரும் மெமோ கொடுப்பதில்லை.

ஏர்வாடி வழியில் இப்போது ஓடுகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். தர்காவிலேயே "தவா–துவா" என்று ஒரு திட்டம் நடக்கிறது. துவா என்கிற பிரார்த்தனையும் உண்டு, அரசு மனநல மருத்துவர் கொடுக்கும் தவா என்கிற மருந்தும் உண்டு. ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒரு ஸ்பேர் டியூட்டியில் அந்தப் பக்கம் போனேன். கடைசி சீட்டில் ஒரு பையன், பக்கத்தில் அவன் அம்மா. அம்மா பைக்குள் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். நான் அந்தப் பையனைப் பார்த்து, "எங்க தம்பி இறங்கணும்?" என்று கேட்டேன். அவன்தான் ஊர் பெயரைச் சொன்னான்.

அந்த ஸ்டியரிங் அண்ணன் திரும்பி வர ஒன்றரை வருடம் ஆனது. வந்தார். இப்போது நன்றாக இருக்கிறார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், கசக்கிய சீட்டையும் சேர்த்து எழுதச் சொன்னதே அவர்தான். நான் இன்னும் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை போகிறேன். வியாழக்கிழமை, காலை ஒன்பது மணிக்கெல்லாம் அந்த பெஞ்சில் இருப்பேன். மாடிப்படி ஏறி வரும்போது என்னைப் பார்த்தால் திரும்பி இறங்கிவிடாதீர்கள், பக்கத்தில் வந்து உட்காருங்கள். என் பல்லெல்லாம் நன்றாகவே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்களோடு ஓடிய ஒரு நடத்துநர்